மூன்று குட்டிகளும் என் பவுடர் மூட்டையும்

நான் வேலை செய்யும் பீங்கான் செட்டில் எல்லாமே வெள்ளைதான். தரை வெள்ளை, தகரக் கூரையின் உட்புறம் வெள்ளை, பீங்கான் மண் படிந்து ஃபேன் இறக்கைகூட வெள்ளை. சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஏறினால் கண்டக்டர், "என்னாம்மா, மாவு மில்லுலேர்ந்து வரீங்களா?" என்று கேட்பார். விருத்தாசலத்தில் இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பீங்கான் செட்டுக்காரிகளைத் தெரியாதா? சும்மா வாயைக் கிளறுகிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளையை நம்பித்தான் ஒருத்தி என்னை ஏமாற்றினாள்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. அச்சு மேஜையில் எனக்குப் பக்கத்து இடம். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நான் சுருண்டு கிடந்தபோது, வீடு தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தியவள் அவள்தான். "எழுந்திருடி, அழுதுக்கினே இருந்தா அடுப்பு எரியுமா?" என்றாள். அன்றிலிருந்து மத்தியானத்தில் அவள் டப்பா மூடியில் என் குழம்பு இருக்கும், என் டப்பா மூடியில் அவள் பொரியல் இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரிடமாவது கத்திவிட்டு வந்தால், அவள் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வருவாள். இவ்வளவும் உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் செய்வது பொம்மையும் அகல் விளக்கும். பிளாஸ்டர் அச்சில் மண்ணை அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்துவதற்கு முன் அச்சுக்குள் பவுடர் ஒத்த வேண்டும். இல்லாவிட்டால் மண் ஒட்டிக்கொண்டு, பிள்ளையாருக்குத் தும்பிக்கை அச்சிலேயே தங்கிவிடும். அதற்காகப் பழைய வேட்டித் துணியில் பவுடரைக் கொட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மூட்டை கட்டி வைத்திருப்போம். ஒவ்வொருத்திக்கும் அவரவர் மூட்டை. என்னுடையது சிவப்பு நூல் போட்டுக் கட்டியது. அதை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் நான் என்ன பேசுவேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியில் பொம்மை அடுக்குவதற்காக மூலையில் வைக்கோல் குவித்திருக்கும். செட்டுப் பூனை அதில்தான் குட்டி போட்டது. மூன்று குட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வரி போட்டது, ஒன்று வெள்ளை. வெள்ளைதான் சவலை. மற்ற இரண்டும் பாலுக்கு முட்டி மோதும்போது இது ஓரமாக நின்று கத்தும். நான்தான் எடுத்துத் தாய் மடியில் முகத்தை வைத்துவிடுவேன். கண் திறந்து தள்ளாடித் தள்ளாடி நடக்க ஆரம்பித்ததும் என் புடவை முந்தானையைப் பிடித்து ஏறப் பார்த்தது. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வளர்ந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் தெள்ளுப்பூச்சி. வைக்கோலில் கை வைத்தால் கடுகு தெறிப்பதுபோல் தெறித்தது. குட்டிகளின் வயிற்றை விலக்கிப் பார்த்தால் ரோமத்துக்கு நடுவில் ஓடுகிறது. எங்கள் கணுக்கால் எல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கிப்போனது. அக்காதான் ஓயாமல் சொறிந்தாள், சொறிந்துகொண்டே பூனையின் ஏழு தலைமுறையைத் திட்டினாள். முதலாளி காதுக்கும் விஷயம் போனது.

"திங்கக்கெழம சரக்கு பாக்க மெட்ராஸ் பார்ட்டி வராங்க" என்றார் அவர். "பொட்டியத் தொறந்தா பூச்சி குதிக்கணுமா? அதுக்குள்ள ஒழியணும். இல்லன்னா அத்தனையும் சாக்குல கட்டி வேப்பூர் ரோட்டுல வுட்டுட்டு வந்துடுவேன், ஆமா."

வேப்பூர் ரோடு என்றால் லாரி ஓடுகிற ரோடு. அங்கே விட்டால் குட்டி ஒரு மணி நேரம் தாங்காது. நான் கறுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "வெளுத்திருக்குது பாருங்க. பூச்சி ரத்தத்தக் குடிச்சிடும், இவ்ளோ சின்னதுக்கு அதுவே ஆபத்து" என்றார்.

"எதாவது மருந்து போட்டு வுடுங்கம்மா."

"இந்த வயசுக்கு மருந்தே கூடாது. பவுடர், ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், கற்பூரம் எதுவும் வேணாம். முக்கியமா நாய்க்குப் போடுற பவுடர் கிட்டயே போகக் கூடாது. பூனைக்கு அது விஷம்." பிறகு எப்படிச் செய்வது என்று பொறுமையாகச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சியெல்லாம் தப்பித்து முகத்துக்கு ஏறிவிடும். தலையில் தண்ணீர் படக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சோப்பு போக அலசி, உடனே துவட்டி, உடம்புச் சூடு ஆறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தினமும் பேன் சீப்பால் வாரி, வருகிற பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். வைக்கோலை மாற்ற வேண்டும். தாய்ப்பூனை எவ்வளவு பெரிது என்று கேட்டு, அதற்கு மட்டும் அவரே மருந்து தந்தார். "ஒரே நாள்ல ஒழியாது. விடாம வாருங்க" என்றார்.

வந்ததும் வைக்கோலை வாரிக் கொண்டுபோய்க் கொளுத்தினேன். பழைய பருத்திப் புடவையை விரித்தேன். பேசினில் தண்ணீர் எடுத்தேன். எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பொம்மையைக் கிளேஸில், அதாவது சூட்டில் பளபளப்பாகிற பூச்சுக் கரைசலில், முக்கும்போது அடிப்பாகத்தில் அது படக் கூடாது, பட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடியைப் பிடித்துக்கொண்டு, சரியாக ஒரு கோடு வரைக்கும் முக்கி எடுப்போம். இரண்டு விரலில் குட்டியின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, கழுத்து வரைக்கும் இறக்கினேன். அதே கைதான், தலைகீழாகப் பிடிக்கிறேன், அவ்வளவுதான்.

"அடி, பூனைக்கும் கிளேஸ் போடுறியா?" என்று அக்கா சிரித்தாள். "சூளையில வெச்சு எடுத்தா பளபளன்னு வரும் பாரு!"

செட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். தண்ணீரில் பூச்சிகள் மிளகுத் தூள் மாதிரி மிதந்தன. சூளைச் சுவருக்கு எட்டவே உட்கார்ந்து, அந்த இளஞ்சூட்டில் மூன்றையும் துவட்டி எடுத்தேன். வெள்ளைக்குட்டி என் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனது. அது வெள்ளிக்கிழமை.

மறுநாள் ஸ்ரீமுஷ்ணத்தில் என் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து. அத்தை போகாமல் எப்படி? செட்டுக்குப் பின்பக்கத் தெருவிலேயே அக்கா வீடு, செட்டுச் சாவியும் அவளிடம்தான் இருக்கும். சீப்பைக் கொடுத்து, எப்படி வாருவது என்று காட்டி, டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "பவுடர் கிவுடர் எதுவும் போட்டுடாதக்கா. நாய் பவுடர் விஷமாம்."

"அட, நான் என்னா சின்னப் புள்ளயா? நீ போயி நிம்மதியா பந்தியில உக்காரு. எம் புள்ள மாதிரி பாத்துக்கறேன்" என்றாள்.

எம் புள்ள மாதிரி. அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் காதுகுத்து லட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போனேன். கறுப்பும் வரியும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. வெள்ளைக்குட்டி புடவையிலிருந்து விலகி வெறும் தரையில் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மூன்றின் மேலும் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் செட்டில் பொடி படியாத ஜீவன் எது? என் மேலே படிந்திருக்கிறது, சாமி படத்தின் மேலே படிந்திருக்கிறது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார், "உடம்பு மேல எதாவது போட்டீங்களா? பவுடர், எண்ணெய், எதாவது?"

நான் அக்காவைப் பார்த்தேன். சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலாளியும் வந்து நின்றிருந்தார்.

"ஒண்ணும் போடலியே" என்றாள் அக்கா. "சீப்பால வாரினேன், அவ்ளோதான்."

"நிச்சயமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போட்டிருந்தா உடனே சோப்பு போட்டுக் கழுவணும்."

"கொளஞ்சியப்பர் சத்தியமா ஒண்ணும் போடல டாக்டரம்மா."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் எங்களுக்குக் கோர்ட்டு மாதிரி. அநியாயம் நடந்தால் எழுதிக் கொண்டுபோய்ச் சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். பிராது கட்டுவது என்று பெயர். அந்தச் சாமி பேரில் எங்கள் பக்கத்தில் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். கொலைகாரன்கூட யோசிப்பான். அதனால் நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், என் அக்கா சொல்கிறாள்.

"அப்படின்னா குளிர்ல நடுங்கலாம், பால் குடிக்காம சோர்ந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நனைக்காதீங்க. துணியில சுத்திச் சூடா வெச்சுக்கிட்டு உடனே கொண்டு வாங்க."

நனைக்காதீங்க என்று அவர் சொன்னதைக் கேட்டு, அந்தப் பொடியோடு சேர்த்து அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அழுததில் மூக்கும் அடைத்திருந்தது. ஆட்டோவுக்காக கேட் வரைக்கும் போனேன். கேட்டிலேயே அதன் உயிர் அடங்கிவிட்டது.

திரும்பி உள்ளே வந்தபோது அக்கா மேஜையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே நெனச்சேன். பச்சக் குட்டியப் புடிச்சுத் தண்ணியில முக்குனா சாவாதா? இவ யார் பேச்சக் கேக்குறா? கோவம் வரும்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

நான் என் கையைப் பார்த்தேன். இந்தக் கைதான் முக்கியது. ஒருவேளை சரியாகத் துவட்டவில்லையோ? நான் ஊருக்குப் போயிருக்கக் கூடாதோ? என்னென்னவோ ஓடியது. மற்ற இரண்டையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். முதலாளி விடவில்லை. "பார்ட்டி வர நேரம். அதுங்க தூங்கிட்டுத்தான இருக்குது? அவங்க போனதும் போ. மேஜையில ஆள் இல்லன்னா நல்லா இருக்குமா?"

உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சை இழுத்து வைத்து, என் பவுடர் மூட்டையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

நெடி மூக்கில் ஏறியது. பூச்சி மருந்துக் கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த நெடி. கண் எரிந்தது, தும்மல் வந்தது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூல்தான், ஆனால் முடிச்சு என்னுடையது இல்லை. நான் ஒரு சுருக்குப் போட்டு விட்டுவிடுவேன். இது இரண்டு முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகியிருந்தது. அக்காவின் முடிச்சு. சாப்பாட்டுப் பையைக்கூட அவள் அப்படித்தான் கட்டுவாள்.

அச்சுக்கு ஒத்துவது மாதிரி ஒத்தியிருக்கிறாள். நாய் பவுடரை வாங்கி, என் மூட்டையில் இருந்ததைக் கொட்டிவிட்டு அதை நிரப்பி, மூன்று குட்டிகளையும் அச்சு மாதிரி நினைத்து ஒத்தி எடுத்திருக்கிறாள். அவள் மூட்டை பக்கத்திலேயே சுத்தமாக இருந்தது. அதில் நாற்றம் ஒட்டக் கூடாது என்று என்னுடையதை எடுத்திருக்கிறாள், பாவி!

அவளைப் பிடித்து உலுக்கத்தான் எழுந்தேன். ஆனால் மூலையில் வரிக்குட்டி கத்தும் சத்தம் கேட்டது. ஓடினேன். அதற்கும் எச்சில் ஒழுக ஆரம்பித்திருந்தது. இரண்டையும் மடியில் அள்ளிக்கொண்டு வெந்நீர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது எதிரே பேன்ட் சட்டையோடு பார்ட்டி வந்துகொண்டிருந்தார்கள். முதலாளி முகம் சுண்டிப்போனது.

"ஏம்மா, எங்க போற? அறிவில்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சாக்குல கட்டுறதுன்னா என்னையும் சேத்துக் கட்டுங்க!" என்று கத்தினேன். பார்ட்டி ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வெதுவெதுப்பாகத் தண்ணீர் கலந்து சோப்பை விட்டேன். "மறுபடியும் முக்குறா பாரு!" என்று யாரோ சொன்னார்கள். கழுத்து வரைக்கும் இறக்கி, ரோமத்துக்கு உள்ளே விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் பாலாக வெளுத்து, அந்த நெடி குப்பென்று கிளம்பியது. அலசினேன், மறுபடியும் சோப்புப் போட்டேன், மறுபடியும் அலசினேன். தாய்ப்பூனை குட்டிகளை நக்கியிருக்குமே என்று அதையும் பிடித்து ஈரத்துணியால் வாயையும் மேலையும் துடைத்தேன். அது என் முழங்கையில் நீளமாக ஒரு கோடு போட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆட்டோவில் போகும்போதே டாக்டரம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். போய் இறங்கும்போது ஊசியோடு தயாராக இருந்தார். கறுப்பு சீக்கிரமே தேறியது. தாய்க்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. வரிக்குட்டி மட்டும் சாயங்காலம் வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. தூக்கிப் பால் குடித்த பிறகுதான் டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "காலைல நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா, அந்த வெள்ளைக் குட்டியையும்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கிளேஸ் தொட்டி பக்கத்தில் அக்காவைப் பிடித்து, மூட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எனக்கு என்னா தெரியும்?" என்றாள். முடிச்சைக் காட்டினேன்.

"நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்" என்றாள். "உஞ் சோப்புத் தண்ணிக்கு மொத்தப் பூச்சியும் சாவல. திங்கக்கெழம மொதலாளி சாக்கத் தூக்கிடுவாரு. பக்கத்து வூட்டு நாய்க்கு ஒத்துக்குச்சு, குட்டிக்கு ஒத்துக்காதான்னு நெனச்சேன்."

"போட்டது போட்டுட்ட. டாக்டரம்மா கேட்டாங்களே, அப்ப ஏன்க்கா சொல்லல? உயிர் இருந்துச்சே அப்ப!"

"எல்லாரும் சுத்தி நின்னாங்கடி. மொதலாளி வேற. எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் கொன்னேன்னு சொல்றது மட்டும் வாய்க்கு வந்துதா?"

அவள் மேஜைக்குத் திரும்பிப் போய் அச்சை எடுத்தாள். முதலாளியிடம் மூட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "சரி வுடும்மா, பூனைதான?" என்றார். பூனைதான். ஆனால் ஏமாந்தது நான் இல்லையா? எனக்கு ஒரு ஆளாவது "உன் மேல தப்பு இல்ல" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. தாயையும் இரண்டு குட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டைச் சூளைப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தினமும் பேன் சீப்பால் இரண்டையும் வாரினேன். ஒன்று, இரண்டு என்று குறைந்து, சீப்பில் எதுவுமே வராமல் போனது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் என்னைத் தூக்கி நிறுத்தியவள். வந்துவிட்டாளே, இனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறந்துவிடலாம் என்றுதான் உள்ளே கூப்பிட்டேன். டீ போடப் பாத்திரத்தைக்கூட அடுப்பில் வைத்துவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் மேல பிராது கீது கட்டிடாதடி. பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. நான் அந்தச் சாமி பேருல சத்தியம் பண்ணிட்டேன், தூக்கமே வரல. நீ கட்டினா பலிச்சுடும்."

பிராது கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் கை அவள் கைக்குள் இருந்தது. அழுகை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என் பேர் கெட்டதற்கு இல்லை, குட்டி செத்ததற்கும் இல்லை. நான் கையை விடுவித்துக்கொண்டு அடுப்பை நிறுத்தினேன்.

"கட்ட மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் உடனே தெளிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வரிக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் உரசியது. அதற்கு என்ன தெரியும்? அவள் குனிந்து அதைத் தூக்கி, வயிற்று ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ஒரு பூச்சிகூட இல்லியேடி" என்றாள். "பாத்தியா? பவுடரு வேல செஞ்சிருக்குது."

நான் குட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வெள்ளக்குட்டி மேலயும் இல்லக்கா" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றாள். நான் போயிட்டு வா என்று சொல்லவில்லை.